முசியே கத்தரிக்காய்

கொப்பியும் பேனையும் வைத்திருந்த ஒரு கிழவர் என்னை நாடு கடத்தப்போகிறார் என்று ஏழு மாதம் முழுதாக நம்பியிருந்தவன் நான். சிரிப்பதற்கு முதல் மிச்சத்தையும் கேளுங்கள். அப்போது என் சட்டைப்பையில் பிரான்ஸ் தந்த பத்து வருட வதிவிடக் கார்ட் இருந்தது. மரக்கறி வானுக்குக் காப்புறுதி இருந்தது. சதுக்கத்தில் கடை போடும் அனுமதி, நகரசபை முத்திரையோடு, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அந்த ஊரில் என்னைவிடச் சட்டப்படி நின்றது தேவாலயம் ஒன்றுதான். இருந்தும் பயந்தேன். பயப்படுவதில் எனக்கு ஒரு கைராசி உண்டு.

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலிலிருந்து மரக்கறி வான் எடுத்துக்கொண்டு தூர ஊர்களுக்கு ஓட வந்திருக்கும் தம்பிமார், தங்கைச்சிமாருக்குத்தான் இதை எழுதுகிறேன். மீன் பெட்டிக்கு எவ்வளவு ஐஸ், கறிவேப்பிலையை எதில் சுற்றுவது என்பதெல்லாம் இரண்டு கிழமையில் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அதைச் சொல்ல நான் தேவையில்லை. என் முதுகு என்னை ஓய்வு எடுக்கச் சொன்ன பிறகு, வீட்டில் மல்லாந்து படுத்து யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. யோசித்ததில் மிஞ்சியது இந்த ஒரு கதைதான்.

பாரிசை ஒட்டிய பொபினி, ஓல்னே பக்கமெல்லாம் ஏற்கெனவே வான்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆகவே முதலாளி என்னைத் தெற்கே, கோதுமைச் சமவெளிக்கு அனுப்பினார். சனிக்கிழமை விடிய, மெத்ரோப் பாலத்தின் கீழ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்படுவேன். ஒன்றரை மணித்தியாலத்தில் வீடுகள் முடிந்துவிடும். பிறகு மரங்கள் முடியும். பிறகு மேடு பள்ளமும் முடிந்து, கோதுமை மட்டும் இருக்கும். பனிக்காலக் காலைகளில் தெருவும் வயலும் ஒரே வெள்ளையாகி, தூரத்தில் ஊரின் தானியக் களஞ்சியம் மட்டும் கால் நிலத்தில் படாமல் மிதந்துகொண்டிருக்கும். வான் ஓடுகிறதா நிற்கிறதா என்று எனக்கே சந்தேகம் வரும். பின்னால் பெட்டிகளிலிருந்து வரும் கறிவேப்பிலை வாசம் மட்டும், நான் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறேன் என்பதை உறுதிப்படுத்தும்.

ஊரின் பெயரை விடுங்கள். நாங்கள் அதைக் கோதுமையூர் என்றுதான் சொல்வோம். ஆயிரம் பேர் வராது. ஒரு தேவாலயம், ஒரு நகரசபை, மூடிக்கிடந்த ஒரு பேக்கரி, ரயில் வராத ஒரு ரயில் நிலையம். கோழி பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. அதை நம்பிப் பதினொரு தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறியிருந்தன. சனி காலை ஒன்பது மணிக்கு நான் சதுக்கத்தில் வானின் பின்கதவைத் திறந்தால் அதுதான் அவர்களுக்குச் சந்தை, கோயில் வீதி, தபால் கந்தோர் எல்லாம். கலியாணக் கார்டுகள் என் வானில்தான் வந்தன. யாருடைய பிள்ளை சோதனை பாஸ், யார் வீட்டில் யாரோடு யார் கதைப்பதில்லை என்ற செய்திகள் வெண்டிக்காய்க்கு மேலால்தான் பரிமாறப்பட்டன.

முதல் சனிக்கிழமையே கவனித்துவிட்டேன். சதுக்கத்தின் மூலையில் மர வாங்கில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். மடியில் கொப்பி. தலையை நிமிர்த்தி என் வானைப் பார்க்கிறார், குனிந்து எழுதுகிறார். மறுபடி நிமிர்ந்து வரிசையில் நிற்கும் சனத்தைப் பார்க்கிறார், எழுதுகிறார்.

வரிசையில் முதலாவதாக நின்றவர் ராணி அக்கா. மன்னார்க்காரி. ஊரிலுள்ள முதியோர் இல்லத்தில் வேலை; பிரெஞ்சும் நாக்கும் இரண்டும் கூர்மை.

"அக்கா, திரும்பிப் பாராதேங்கோ. வாங்கிலை இருக்கிற ஆள் எங்களை எழுதுறார்."

"எழுதட்டுமன். கையிருக்கு, எழுதுறார்."

"வான் நம்பரையும் எழுதிப்போட்டார்."

"அது என்ன ரகசியமே? முன்னுக்கும் பின்னுக்கும் பெரிசா அடிச்சு வைச்சிருக்கிறியள்."

எனக்கு அது ஏறவில்லை. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வருத்தம், மருந்து கிடையாது. எங்கே ஒருவர் கொப்பியோடு நின்று எங்களைப் பார்த்து எழுதினாலும், அடுத்தது ஆமி ஜீப் வரும் என்று உடம்பு தானாகத் தயாராகிவிடும். வரிசையின் கடைசியில் நின்ற பாலனின் முகத்தைப் பார்த்தேன். அது என்னுடையதைவிட மோசமாக இருந்தது. அவருக்குக் காரணம் இருந்தது. கிளிநொச்சிப் பக்கம், மனைவியையும் ஒன்பது வயது மகளையும் விட்டுவிட்டு வந்தவர், அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, கார்ட் இல்லாமல், ஒரு விவசாயியிடம் கூலிக்கு நின்றார்.

"அண்ணை, நான் மெல்லமாப் போட்டு வரட்டே?"

"நில்லும். ஓடினால்தான் சந்தேகம் வரும். பேர் கேட்டால் வேறை பேர் சொல்லும்."

"என்ன பேர் சொல்லுறது?"

நிதானமாகச் சிந்தித்து முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், பதற்றத்தில் என் கண் எதிரிலிருந்த பெட்டியில் விழுந்தது.

"கத்தரிக்காய் எண்டு சொல்லும்."

கிழவர் எழுந்து வந்தார். தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். ஊருக்குப் புதிதாக வந்தவர்களின் பெயரைத் தெரிந்துகொள்ளலாமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். பாலன் தொண்டையைச் செருமி, "கத்தரிக்காய்" என்றார். கிழவர் எப்படி எழுதுவது என்று கேட்டார். நான் ஒவ்வொரு எழுத்தாகப் பிரெஞ்சில் சொல்லிக் கொடுத்தேன். உளவாளிக்கு எழுத்துக்கூட்டி உதவிய குற்றவாளி உலகத்தில் நான் ஒருவன்தான். பிறகு என்னைப் பார்த்தார். நான் உயரமானவன், பொருத்தமாக இருக்கட்டும் என்று புடலங்காய் ஆனேன். ராணி அக்கா மட்டும் தன் பெயர், அப்பாவின் பெயர், பிறந்த ஊர் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் அன்று முழுக்க எனக்குப் பசிக்கவில்லை.

அடுத்த ஏழு மாதம் நான் செய்த கூத்துகளை ஒன்றுவிடாமல் எழுதினால் உங்களுக்கு என்மேல் உள்ள மரியாதை போய்விடும். வானை எப்போதும் வெளியேறும் தெருவைப் பார்த்தே நிறுத்தினேன். ஒரு சனிக்கிழமை கிழவர் நகரசபை ஆள் ஒருவரோடு கதைத்துக்கொண்டு வருவதைக் கண்டு, பின்கதவைப் பூட்டாமலே வானை எடுத்தேன். ஊரின் பிரதான வீதி நீளத்துக்கும் வெண்டிக்காய் கொட்டுண்டு போனது. அடுத்த கிழமை அந்தக் கிழவர் ஒரு துணிப்பையை நீட்டினார். பொறுக்கி, கழுவி, உலர்த்திய வெண்டிக்காய்கள். நான் அதையும் தடயப் பொருள் என்றுதான் நினைத்தேன்.

ராணி அக்காதான் ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "வாங்கோ, உங்கடை பொலிசைக் காட்டுறன்." தேவாலயத்தின் பக்கத்து மண்டபத்தில் ஊரின் வரலாறு என்று ஒரு சிறிய கண்காட்சி. நீண்ட மேசையில் முப்பது நாற்பது கொப்பிகள். அவற்றுக்குப் பின்னால் எங்கள் கிழவர், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு.

அவர் அந்த ரயில் நிலையத்தின் கடைசி அதிபர். வாழ்நாள் முழுக்க வருகையும் புறப்பாடும் எழுதியவர். ரயில் நின்றுபோனது, எழுதும் பழக்கம் நிற்கவில்லை. அதன் பிறகு ஊருக்குள் வந்ததையும் ஊரைவிட்டுப் போனதையும் எழுதிக்கொண்டே இருந்தார். நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பீட்ரூட் பிடுங்க வந்த போலந்துக்காரர்கள், அவர்களில் தண்டவாளக்காரன் மகளைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவன். வீடு கட்ட வந்த போர்த்துக்கீசர். கோடையில் கூடாரம் அடித்துப் படம் காட்டியவன், அவனுடைய நாய். தகைவிலான் குருவிகள் வந்த நாள். பேக்கரிக்காரர் சாவியை நகரசபையில் கொடுத்துவிட்டுப் போன நாள், அன்று காற்று மேற்கிலிருந்து வீசியது. எல்லாம் ஒரே கையெழுத்தில், ஒரே அளவில். குருவிக்கும் போலந்துக்காரனுக்கும் ஒரே மரியாதை.

படிக்கப் படிக்க, அந்த மண்டபத்தின் சுவர்கள் விலகி, அத்தனை வருடத்துச் சனமும் அந்தச் சமவெளிக்கு மேலால் பனியோடு பனியாக நடந்து வந்துகொண்டிருப்பது போல இருந்தது. சாக்கு மூட்டையோடு சிலர், தச்சுப் பெட்டியோடு சிலர். அவர்களுக்குப் பின்னால், மெதுவாக, ஒரு வெள்ளை வான். 'பாரிசிலிருந்து. சனிக்கிழமை, ஒன்பது மணி. நீளமான, எனக்குத் தெரியாத காய்கள். முசியே புடலங்காய் ஓட்டி வந்தார். முசியே கத்தரிக்காய் மூட்டை இறக்க உதவினார்.'

அன்றைக்கே திருத்தியிருக்கலாம். பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் கொஞ்சம் நில்லுங்கள். பயந்து செய்தது முதல் பிழை. அதை நான் மன்னித்துவிட்டேன். இரண்டாவது பிழையைப் பயமே இல்லாமல் செய்தேன். பகிடி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கிழவர் ஒவ்வொரு சனியும் தொப்பியைத் தூக்கி, "வணக்கம், முசியே கத்தரிக்காய்" என்பார். கத்தரிக்காய் ஐயாவாம், வரிசை முழுக்க வாயைப் பொத்தும்.

பாலன் மட்டும் ஒருமுறை கேட்டார். "அண்ணை, நல்ல மனிசன். என்ரை சரியான பேரைச் சொல்லட்டே?"

"விடும் பாலன். இப்ப போய்ச் சொன்னால் அந்தாளுக்கு மனம் நோகும். நல்ல பேர்தானே, முள்ளும் இருக்கு, முடியும் இருக்கு."

அவரும் சிரித்தார். விட்டுவிட்டார்.

அறுவடை முடிந்ததும் சதுக்கத்தில் நீள மேசைகள் போட்டு ஊர் முழுக்க ஒன்றாகச் சாப்பிடுவது அங்கே வழக்கம். இரண்டாம் வருடம் எங்களையும் கூப்பிட்டார்கள். பாலன் ஒரு பெரிய தாச்சியில் வடை சுட்டார். கன்னியாஸ்திரி ஒருவர் ஏழு வடை சாப்பிட்டது கொப்பியில் இருக்கிறது. நகரசபை வருடா வருடம் போடும் ஊர் மலரில் படமும் வந்தது. தாச்சிக்குப் பின்னால் பாலன், முகம் தெளிவாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. கீழே பெயர்: முசியே கத்தரிக்காய்.

வருடங்கள் போயின. பாலனின் மகள் வளர்ந்து, படித்து, அவளுக்கு ஒரு சம்பந்தமும் பொருந்தியது. கலியாணம் ஆவணியில், பாலன் இலங்கைக்குப் போகப் பயந்ததால் திருச்சியில்; கார்ட் கையில் இருந்தால்தான் அவர் அங்கே போய்த் திரும்பி வரலாம். அதே காலத்தில், கார்ட் கொடுக்கும் அரசாங்கக் கந்தோரான பிரிபெக்சரில் பாலனுக்கு ஒரு ரொந்தேவூ, நேரில் வரச்சொல்லி ஒரு நாள், கிடைத்தது, தை மாதக் கடைசியில். ரொந்தேவூ கிடைப்பதே எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். நாட்டில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஓர் ஆதாரம் வேண்டும். ராணி அக்கா தன் குசினி மேசையில் வருடம் வருடமாகக் கடதாசிகளை அடுக்கினார். டொக்டர் துண்டு, ஆஸ்பத்திரிக் கடிதம், வங்கிக் கடிதம். வரிசையில் இரண்டு இடம் வெறுமையாக இருந்தது. வான் வரத் தொடங்கிய வருடமும் அதற்கடுத்ததும். அந்த இரண்டு வருடமும் பாலனுக்குத் தடிமன்கூட வரவில்லை. அவரைப் பற்றிய ஒரு கடதாசியும் எங்கும் இல்லை, கொப்பியையும் ஊர் மலரையும் தவிர.

பாலன், ராணி அக்கா, நான் மூன்று பேரும் அந்த இரண்டு வெறும் இடங்களையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கத்தரிக்காய்க்குக் கார்ட் எடுக்கிறதெண்டால் இப்பவே எடுக்கலாம்," என்றார் ராணி அக்கா. ஒருவரும் சிரிக்கவில்லை.

கிழவரிடம் போனேன். அவர் பழைய நிலையத்திலேயே வசித்தார். நடைமேடையில் தக்காளி வளர்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பொலிஸ் என்று நினைத்தது, பெட்டியைப் பார்த்துப் பெயர் வைத்தது, பிறகும் விட்டுவைத்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முதல் கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். கத்தரிக்காய்க்கும் புடலங்காய்க்கும் பக்கத்தில் பென்சிலால் சின்னஞ்சிறு சிலுவைகள்.

"நான் நம்பாத பெயர்களுக்குப் போடும் குறி," என்றார். "உங்கள் பெட்டியில் அந்தப் பெயரைப் பிரெஞ்சிலும் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தீர்கள், ஐயா. நான் அதை ஒவ்வொரு கிழமையும் வாங்கிப் பொரித்துச் சாப்பிட்டேன்."

"ஏன் கேட்கவில்லை?"

"ரயில் ஓடின காலத்திலும் இந்த நிலையத்தில் எத்தனையோ பேர் வேறு பெயரில் இறங்கினார்கள். அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கும். வந்தார்கள் என்பதைத்தான் நான் எழுதுவேன்."

படத்தில் இருப்பவர் பாலன்தான், அந்த இரண்டு வருடமும் அவரை ஊரில் கண்டேன் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனையை மூடினார். "நான் கண்டதை எழுதலாம். அவர் ஏன் பொய்ப்பெயர் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும். அதை நீங்கள் எழுதவேண்டும். அது இல்லாவிட்டால், இந்தப் பெயர் யாருடையது என்று கேட்பார்கள்."

ரொந்தேவூவுக்கு மூன்று கிழமை இருந்தது. எழுத வேண்டியது நாலு வரி. 'பொய்ப்பெயர் சொல்லச் சொன்னவன் நான். காரணம் என் பயம். அவர் ஒருவரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. இப்படிக்கு.' அவ்வளவுதான். ஆனால் அந்த மாரியில்தான் என் பிரெஞ்சுக் குடியுரிமை விண்ணப்பமும் எங்கேயோ ஒரு மேசையில் இருந்தது. மக்களுக்குப் பொய்ப்பெயர் சூட்டியவன் என்று நானே கையெழுத்துப் போட்டு அதே அரசாங்கத்துக்குக் கொடுப்பதா? கண்ணை மூடினால், நீல உடுப்புப் போட்ட இருவர் என் கோவையையும் பாலனின் கோவையையும் ஒன்றாக வைத்து, 'பார், இவன்தான் புடலங்காய்' என்று சொல்வது கேட்டது.

முதல் சனி, பேனை எழுதவில்லை என்றேன். இரண்டாம் சனி, நல்ல பிரெஞ்சில் எழுத ஆள் தேடுகிறேன் என்றேன். நல்ல பிரெஞ்சு, ராணி அக்கா உருவில், எனக்கு முன்னால் முருங்கைக்காய் தெரிவுசெய்துகொண்டு நின்றது. மூன்றாம் சனி பனி கொட்டுகிறது என்று நான் போகவே இல்லை. பனி கொட்டியது உண்மை. லா சப்பலில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அது விழுவதைப் பார்த்தேன். மெத்ரோப் பாலத்தின் மேலும், நகைக்கடைப் பலகைகளின் மேலும், சேலை கட்டிய பொம்மைகளுக்கு முன்னாலும் சத்தமில்லாமல் விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கையில் எல்லாம் தானாகவே சரியாகிவிடும் போல ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நீங்கள் நம்பவேண்டாம். எனக்கு அது வந்த ஒவ்வொரு முறையும் வேறு யாரோ ஒருவருக்குத்தான் கேடு வந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ராணி அக்காவின் அழைப்பு வந்தது.

"பாலன்ரை தொசியேயை, அந்தக் கடதாசிக் கட்டு முழுக்க, திருப்பிக் குடுத்திட்டாங்கள்."

"ஏனாம்?"

"அந்தப் பிள்ளை, கவுண்டரிலை இருந்தவள், நல்ல பிள்ளை. படத்தைப் பார்த்தாள், பாலன்ரை முகத்தைப் பார்த்தாள். நீங்கள்தான் எண்டு தெரியுது, ஆனால் இந்தப் பேருக்கு ஒரு விளக்கம் வேணும் எண்டாள். ஒரு கடதாசி. வேறை ஒண்டும் கேக்கேல்லை."

"அடுத்த ரொந்தேவூ?"

"எட்டு மாதத்தாலை. கலியாணம் முடிஞ்சாப் பிறகு." பிறகு அக்காவே தொடர்ந்தார். "உங்களுக்குப் பயம் எண்டால் முதல் நாளே சொல்லியிருக்கலாம். நான் வேறை வழி பாத்திருப்பன். பனி எண்டு சொன்னியளே, அதுதான் எனக்கு ஆறுதில்லை."

அன்று பின்னேரமே எழுதினேன். பிழைகளோடு, என் சொந்தப் பிரெஞ்சில், நாலு வரி. எழுத ஐந்து நிமிடம் பிடித்தது. சனிக்கிழமை அதைப் பாலனிடம் கொடுத்தபோது அவர் வாசித்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பரவாயில்லை அண்ணை" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நல்லாயிருக்கும் என்று வான் ஓடும் நேரமெல்லாம் நினைத்தேன். கோதுமை அப்போது நாலு விரல் உயரம்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது பெரிய விஷயமில்லை. வான் ஓட்டுபவரைச் சனம் நம்பும். கதவுக்குக் கதவு போகும் ஆளுக்குத்தான் நாடு எப்படி ஓடுகிறது என்று தெரியும் என்று நினைப்பார்கள். உங்களிடம் மரக்கறி கேட்பார்கள், பிறகு புத்தி கேட்பார்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அதைப் புத்தி என்று பொதி பண்ணிக் கொடுக்காதீர்கள். ஒரு கையெழுத்து உங்களிடம் கேட்டால், போடுவதா இல்லையா என்று அன்றைக்கே சொல்லுங்கள். மறுத்தால்கூட அந்த ஆள் வேறு கதவைத் தட்ட நேரம் மிஞ்சும்.

நடந்தது இதுதான். கலியாணம் ஆவணியில் திருச்சியில் நடந்தது. முகூர்த்தம் அங்கே பதினொரு மணி, கோதுமையூரில் காலை ஏழரை. பாலன் வேட்டியும் புதுச் சேட்டும் போட்டு ராணி அக்காவின் குசினியில், கைப்பேசியைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். நானும் ராணி அக்காவும் பின்னால் நின்றோம். பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுத்தது தாய்மாமன். இரண்டாவது ரொந்தேவூவில் என் கடிதத்தை அதே கவுண்டர்ப் பெண் வாசித்தாள், முத்திரை குத்தினாள், கோவையில் வைத்தாள். அதைப் பற்றி என்னிடம் இன்றுவரை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் குடியுரிமை அடுத்த மாதமே வந்தது. பாலனின் கார்ட் மாசியில் வந்தது, ஒரு வருடத்துக்கு.